மூணே கால்

ஏன் ஆரம்பிச்சேன்னு கேப்பாகன்னு
பஸ்ஸுக்குள்ளேயே பதில் தயார் பண்ணிட்டேன்.
பாம்பன் பாலம் முடியறதுக்குள்ள
அப்பனைப் பத்தி ஒரு கதை,
மண்டபம் தாண்டுறப்ப கடனைப் பத்தி ஒண்ணு,
உச்சிப்புளி வர்றப்ப
அழுகைகூட ரெடி.

ஆஸ்பத்திரி மாடியில கடைசி ரூம்.
பரக்கத் நிஷா மேடம் ஃபேனைக் குறைச்சு வச்சுட்டு
"சைபர்லேர்ந்து பத்து வரைக்கும்" என்றாக.
"சைபர்னா இருக்கிறதுலயே மோசமான நாள்.
பத்துன்னா இது இல்லாத நாள்.
இன்னைக்கு எதுல நிக்கிறீங்க, கித்தேரியான்?"

எங்க கடல்ல ஆழத்தைப் பாகத்துல அளப்போம்.
கயித்துல ஈயக்குண்டைக் கட்டி எறக்கி
ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சு எண்ணணும்.
பத்துப் பாகம்னா ஆளை முழுங்கும்.
அரைப் பாகம்னா
லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிடலாம்.
இங்க பத்துதான் கரையாம்.
தலைகீழ்க் கணக்கு.
"ரெண்டு" என்றேன்.

ஏன் பத்து இல்லைன்னுதான்
வீட்டுல, பங்குச் சாமி, மச்சான்,
ஸ்டேஷன் ஏட்டு, எல்லாரும் கேட்டாக.
இவுக கேட்டது:
"ஏன் ஒண்ணு இல்ல?"

முழிச்சேன்.
வெளிய ஸ்ட்ரெச்சர் சக்கரம்
கீச்சுக் கீச்சுன்னு போயி நிக்கிற வரைக்கும் முழிச்சேன்.

செவ்வாக்கிழமை காத்து. டோக்கன் தரல.
நண்டு வலை பூரா பாசியும் சங்கும் சிக்கி
ஒரே முடிச்சாக் கெடந்துச்சு.
காலையில உக்காந்தேன்.
பதினோரு மணி வரைக்கும் கை நடுங்குச்சு,
அப்பறம் கைக்கு மறந்துபோச்சு.
நாலு மணிக்குத்தான் உறைச்சுச்சு,
இன்னைக்கு இன்னும் எடுக்கலைன்னு.

"எப்படிச் செஞ்சீங்க?"
"வலைதான் மேடம் சிக்கு. நான் ஒண்ணும் செய்யல."
"சிக்கை எடுத்தது யாரு?"

பேச்சை மாத்தினேன்.
ஐஸ்னு மொதல்ல ஒருத்தன் சொன்னப்ப
மீன்பெட்டியில போடறதுன்னு நெனச்சேன் மேடம்.
ரெண்டு ராத்திரி தூங்காம வலை இழுக்கலாம்னான்.
பதினேழு மாசம் இழுத்தேன்.
கேட்டாக. தலையாட்டுனாக.
நோட்டுல எழுதல.
செவ்வாக்கிழமையை மட்டும் எழுதியிருந்தாக.

"இன்னைக்கு ராத்திரி நீங்க தூங்குறப்ப
ஒரு அதிசயம் நடக்குதுன்னு வைங்க."
"தூங்குறதே அதிசயந்தான் மேடம்."
சிரிச்சாக. விடல.
"எல்லாம் தீர்ந்துபோச்சு. ஆனா உங்களுக்குத் தெரியாது,
தூக்கத்துல இருந்தீங்க.
காலையில எதைப் பாத்துக் கண்டுபிடிப்பீங்க?"

கோயில் மணி, வெளிச்சம்
எதாவது சொல்லியிருக்கலாம்.
வாயில வந்தது பர்ஸ்.
பிரகாசியோட செவப்புப் பர்ஸ்
அரிசி டின்னுக்குள்ள இருக்காது.
வாசக்கால் பக்கம்
ஆணியில தொங்கும்.

"அவங்க உங்களை எதை வச்சுக் கண்டுபிடிப்பாங்க?"
அதுக்கு ரொம்ப நேரமாச்சு.
"அரிசி டின் எங்க இருக்குன்னு தெரியாத மாதிரி
நடிக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து பாத்தா
அப்படி ஒரு ஆணியே கெடையாது.
தங்கச்சிமடம் கடையில ரெண்டு இஞ்சு ஆணி வாங்கி
கல்லால அடிச்சேன்.
ஒரு அடி செவுத்துல, ஒரு அடி வெரல்ல.
"என்னத்துக்கு?" என்றா.
"சும்மா."

நாலாவது வாரம் விழுந்தேன்.
வெள்ளிக்கிழமை, ஜெட்டிக்குப் பின்னால,
டீசல் டிரம்மு நெழல்ல.
போயிச் சொன்னேன், மறைக்கல.
திட்டுக்குக் காதைக் குடுத்துக்கிட்டுக் குனிஞ்சிருந்தேன்.
"ஒரு நாளோட எப்படி நிறுத்துனீங்க?"
எனக்கே தெரியல.
சனிக்கிழமை விடியக்காலம் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.
எழுதிக்கிட்டாக.

"இப்ப எத்தனை?"
"மூணே கால்."
"கால் எங்கேருந்து வந்துச்சு?"

பர்ஸ் இன்னும் அரிசிக்குள்ளதான் மேடம்.
நேத்து மழை.
சந்தைக்குப் போயிட்டு வந்தவ
குடையை அந்த ஆணியில மாட்டிட்டு
பேசாம உள்ள போயிட்டா.
நானும் எடுத்து மடக்கல.
ராத்திரி பூரா
தரையில சொட்டிக்கிட்டே இருந்துச்சு.